செட்டிநாட்டுப் பழைய வீட்டில் இருக்கும் டெலிபோன் ஒயரை ஈதர்நெட்டாக மாற்ற முடியுமா?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடு, முகப்பில் ஃபைபர் மோடம், இரண்டாம் கட்டுக்கு வைஃபை எட்டவில்லை, பழைய டெலிபோன் ஒயர் மட்டும் அடுப்படி வரை போகிறது, அதை ஈதர்நெட்டாக, அதாவது கம்பி வழியே இணையம் கொண்டுபோக, மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பூர்வீக வீட்டிலும் இதே நிலைதான். அந்தக் கனத்த சுவர் இரண்டைத் தாண்டினாலே சிக்னல் செத்துவிடும்.

முதலில் டெலிபோன் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே எத்தனை கம்பி என்று பாருங்கள். லேண்ட்லைன் இணைப்பு உயிரோடு இருந்தால் அதில் 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது இன்னும் கூடும். வெளியிலிருந்து வரும் லைனை வீட்டு ஒயரிலிருந்து பிரித்த பிறகே கை வையுங்கள்.

நான்கு கம்பி, இரண்டிரண்டாக முறுக்கியிருந்தால் 100 எம்பிபிஎஸ் வேகம் வரை கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆர்ஜே 45 எனும் எட்டுக் கம்பி ஈதர்நெட் முனையில் 1, 2 ஒரு ஜோடி. 3, 6 இன்னொரு ஜோடி. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேண்டுமென்றால் நான்கு ஜோடி, அதாவது எட்டுக் கம்பி தேவை. சமீபத்தில் புதுப்பித்த வீடுகளில் எலக்ட்ரீஷியன் டெலிபோனுக்கே கேட் 5ஈ எனும் எட்டுக் கம்பி நெட்வொர்க் கேபிளை இழுத்துவிட்டு, நீல ஜோடியை மட்டும் திருகில் மாட்டி, மீதி ஆறு கம்பியை உறைமேல் சுற்றி வைத்திருப்பார். அப்படி இருந்தால் உங்களுக்கு யோகம்தான். இரண்டு முனையிலும் ஜாக் மாற்றினால் வேலை முடிந்தது.

முறுக்குதான் இதில் உயிர். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். வாங்கும் முனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அது கழிந்துபோகும். அதனால் ஜாக்கில் மாட்டும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதீர்கள். முறுக்கே இல்லாத தட்டை ஒயரை இதற்கு நம்பவேண்டாம்.

அப்புறம், டெலிபோன் ஒயர் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு வரிசையாகப் போகும். ஈதர்நெட்டுக்கு அது ஆகாது. ஒரு கேபிளுக்கு இரண்டே முனைதான். வழியில் உள்ள பெட்டியில் சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வையுங்கள், அல்லது அங்கே கம்பிகளை நேராகச் சேர்த்துவிடுங்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒற்றை ஜோடிதான். அதில் சாதாரண ஈதர்நெட் ஓடாது. விடிஎஸ்எல் முறையில் (டெலிபோன் கம்பியில் இணையம் அனுப்பும் முறை) இயங்கும் எக்ஸ்டெண்டர்கள் ஜோடியாகக் கிடைக்கின்றன. முனைக்கு ஒன்றாக மாட்டினால் அந்த இரண்டு கம்பியிலேயே இணையம் போகும். ஆனால் நான் சொல்வது வேறு: அந்த ஒயரைவிட அது போகும் வழிக்குத்தான் மதிப்பு அதிகம். நிலைக்கு மேலுள்ள சந்து, பர்மா தேக்கு உத்தரத்தின் ஓரம், வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றிய பத்தி (தாழ்வாரம்) என்று யாரோ ஒருவர் சுவரை உடைக்காமல் வழி கண்டுபிடித்திருக்கிறார். அதே வழியில் புதிய கேட் 6 நெட்வொர்க் கேபிளைக் கொண்டுபோங்கள். குழாய்க்குள் போகிற இடத்தில் பழைய ஒயரின் வாலில் புதியதைக் கட்டி, டேப் சுற்றி, மறுமுனையிலிருந்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். மின்சார ஒயர் போகும் குழாயில் மட்டும் சேர்க்காதீர்கள். முழுச் செம்பு கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்; அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது விலை குறைவு, ஆனால் மாட்டும்போதே ஒடியும். ஒரே இழுப்பில் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

சுவரில் மட்டும் டிரில் போடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால், சிமெண்ட் ஒட்டு எத்தனை பூசினாலும் அந்த வழுவழுப்பு திரும்பாது. வீடு பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தால் எல்லாரிடமும் கேட்டும் ஆகவேண்டும். திறந்த முற்றத்துக்குக் குறுக்கே கேபிளைத் தொங்கவிடாமல் பத்தியோரமாகவே சுற்றிக் கொண்டுபோங்கள். நீளம் கூடினாலும் மழைக்கும் இடிக்கும் அதுதான் பத்திரம்.

இரண்டாம் கட்டில் பழைய ரவுட்டர் ஒன்றையே ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டியாக, வைத்துக்கொள்ளலாம். அதில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை) நிறுத்தி, அதன் ஐபி முகவரியை மோடத்தோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் (LAN) துளையில் மாட்டுங்கள், வேன் (WAN) துளையில் அல்ல.