அயர்லாந்துக்காரங்கள பிரிட்டிஷ்னு சொல்லிட்டா என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: "அயர்லாந்துக்காரரைப் பார்த்து பிரிட்டிஷ்காரர்னு சொல்லிட்டா கோபப்படுவாங்களாமே, உண்மையா? ரெண்டு பேரும் இங்கிலீஷ்தானே பேசுறாங்க, ஒரே இடம்தானே?"

அடிக்கல்லாம் வரமாட்டாங்க, பயப்படாதீங்க. நான் கார்க்ல இருக்கேன், அயர்லாந்தோட தெக்குப் பக்கம், டப்ளினுக்கு அடுத்த பெரிய ஊரு. ஒரு மருந்து ஃபேக்டரில குவாலிட்டி டிபார்ட்மென்ட் வேலை, கூட இருக்கறவங்கள்ல முக்கால்வாசி பேரு இந்த ஊர்க்காரங்கதான், இந்த விஷயத்துக்காக ஒருத்தர் கத்தி சண்டை போட்டு இதுவரைக்கும் நான் பாத்ததில்ல. அதுக்காக ஒண்ணுமே ஆகாதுன்னும் நினைச்சுடாதீங்க. சொன்னது யாரு, எந்த நாட்டுக்காரரு, அதைப் பொறுத்து இவங்க மூஞ்சி மாறும். அமெரிக்கன் சொன்னா ஒரு மாதிரி, இங்கிலாந்துக்காரர் சொன்னா வேற மாதிரி, நம்ம ஆளு சொன்னா அது இன்னொரு மாதிரி. கடைசியா சொன்னதப் பத்திதான் நான் முக்கியமா எழுத வந்தேன், ஆனா மொதல்ல கொஞ்சம் அடிப்படை.

தீவு ஒண்ணு, நாடு ரெண்டு. வடக்குல ஆறு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) மட்டும் யூகேல இருக்கு, அது நார்தர்ன் அயர்லாந்து, தலைநகரம் பெல்ஃபாஸ்ட். மீதி 26 கவுண்டியும் தனி நாடு. 1922ல பிரிஞ்சாங்க, 1949ல முழு குடியரசாகி காமன்வெல்த்த விட்டும் வெளிய வந்துட்டாங்க. நாமளே இன்னும் காமன்வெல்த்ல இருக்கோம், இவங்க இல்ல, யோசிச்சுப் பாருங்க. கரன்ஸி யூரோ, ஐரோப்பிய யூனியன் மெம்பர், ராஜா கிடையாது, ஜனாதிபதி. ஆனா வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு குழப்பம் வர்றது நியாயம்தான், ஏன்னா அதே மூணு பின் பிளக்கு, அதே இடது பக்கம் வண்டி ஓட்டுறது, சனிக்கிழமை ஆனா பாதி ஊரு லிவர்பூல் ஜெர்சி மீதி ஊரு மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சி. இதெல்லாம் இருந்தும் எங்கள பிரிட்டிஷ்னு சொல்லாதன்னா புதுசா வர்றவனுக்கு ஒண்ணும் புரியாது.

அமெரிக்கன் சொன்னா என்ன நடக்கும்னு எங்க ஆபீஸ்லயே பாத்துட்டேன். அங்க இருந்து ஆடிட்டுக்கு ஒருத்தர் வந்திருந்தாரு, நல்ல மனுஷன், எல்லார்கிட்டயும் சிரிச்சு சிரிச்சு பேசுவாரு, மீட்டிங்ல ஏதோ ஒரு ப்ரொசீஜரப் பத்திப் பேசிட்டு "இங்க யூகேல நீங்க இத எப்படிப் பண்றீங்க"ன்னு கேட்டுட்டாரு. ரூம்ல யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் குனிஞ்சு நோட்டப் பாத்துட்டு இருக்காங்க, ஒரு பையன் மட்டும் உதட்டக் கடிச்சு சிரிப்ப அடக்குறான். அப்ப கெர்ரி கவுண்டிக்கார அம்மா ஒருத்தங்க, எங்க டீம்லயே சீனியர், பேனாவ மூடி வச்சுட்டு ரொம்ப சீரியஸா "தெரியலயே, லண்டனுக்கு போன் போட்டு பர்மிஷன் கேட்டுட்டு சொல்றோம்"னாங்க. அவ்வளவுதான், ரூமே வெடிச்சு சிரிச்சுச்சு. அவருக்கு ஒரு நிமிஷம் கழிச்சுதான் வெளங்குச்சு, மூஞ்சி செவந்து போய் சாரி சாரின்னாரு, இவங்களும் "யூ ஆர் கிராண்ட்"னு, அதாவது பரவாயில்லன்னு விட்டுட்டாங்க. விட்டாங்களா? டீ பிரேக்ல ஒருத்தன் போய் "கனடால உங்களுக்கு எந்த ஊரு?"ன்னு கேக்குறான். அவர் ஊருக்குத் திரும்பிப் போற வரைக்கும் கனடாவப் பத்தியே விசாரிச்சுட்டு இருந்தாங்க. இந்த ஊர்ல ஒருத்தரக் கலாய்க்கிறாங்கன்னா அவர சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், மரியாதையா ரொம்ப நாசூக்கா பேச ஆரம்பிச்சாதான் கவலப்படணும்.

இந்த வகையில 2014ல நடந்த ஒரு டிவி பேட்டி ரொம்ப ஃபேமஸ். அமெரிக்காவோட சிஎன்பிசி சேனல்ல அயர்லாந்து அரசாங்கத்தோட முதலீட்டு அமைப்பான ஐடிஏவோட தலைவரக் கூப்பிட்டு பேசுறாங்க, பேச்சு நடுவுல நெறியாளர் உங்ககிட்ட பவுண்டுதானே இருக்குங்கற மாதிரி கேட்டாரு, இவர் இல்ல யூரோன்னு சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு ஆச்சரியம், அது எப்படி, பக்கத்துல எல்லாம் பவுண்டு வச்சிருக்காங்களேன்னு விடாம கேட்டுட்டே போறாரு. இவர் கொஞ்சம்கூட முகம் சுளிக்காம பொறுமையா பதில் சொல்லிட்டு இருப்பாரு. இங்க அத இன்னமும் போட்டுப் போட்டு சிரிக்கிறாங்க. தூரத்துல இருக்கறவனோட அறியாமைக்கு இவங்க கிட்ட மன்னிப்பு ஈஸியா கிடைக்கும்.

இங்கிலாந்துக்காரங்க அதே தப்ப பண்ணும்போதுதான் சிரிப்பு போயிடுது. ஏன்னா பக்கத்து வீட்டுல 800 வருஷம் ஆட்சி பண்ணிட்டு உக்காந்திருந்தவனுக்கு தெரியாம இருக்க வாய்ப்பில்லன்னு இவங்க நினைக்கிறாங்க. குறிப்பா ஐரிஷ் நடிகர் யாராவது அவார்டு வாங்கினா உடனே அந்தப் பக்கத்து பேப்பர்ல "பிரிட்டிஷ் வெற்றி" லிஸ்ட்ல சேத்துடுவாங்க, சர்ஷா ரோனன், பால் மெஸ்கல்னு இந்தப் பஞ்சாயத்துல மாட்டாத ஆளே இல்ல. இங்க ஒரு பழைய ஜோக்கே உண்டு, ஜெயிச்சா பிரிட்டிஷ், குடிச்சுட்டு போலீஸ்ல மாட்டுனா ஐரிஷ். கிலியன் மர்பி எங்க கார்க் ஊர்க்காரரு, 2024ல ஆஸ்கர் வாங்கி மேடையில நின்னு நான் பெருமையுள்ள ஐரிஷ்காரன்னு வெளிப்படையா சொன்னாரு, கடைசியா ஐரிஷ் மொழியிலயே நன்றி சொன்னாரு. மறுநாள் கேன்டீன்ல இதுதான் பேச்சு. படத்தப் பத்தி யாரும் பெருசா பேசல, இனிமே எவனும் குழப்ப முடியாதுல்லன்னுதான் சந்தோஷம்.

இது இன்னைக்கு நேத்து கதை இல்ல. 1982ல சமகால பிரிட்டிஷ் கவிதைன்னு ஒரு தொகுப்பு போட்டு அதுல ஷேமஸ் ஹீனியையும் சேத்துட்டாங்க. பின்னாடி நோபல் பரிசு வாங்கினாரே அவர்தான். மனுஷன் சண்டைக்குப் போகல, அதையே ஒரு கவிதையா எழுதி, என் பாஸ்போர்ட் பச்சைன்னு பதில் சொன்னாரு. இத்தனைக்கும் அவர் பொறந்தது வடக்குல, டெரி கவுண்டில, யூகேக்குள்ள.

சரி, இவ்வளவு தூரம் மனசுல வச்சுக்க என்ன இருக்குன்னா, கார்க்ல தெருவுக்கு ஒரு கத இருக்கு. 1920 டிசம்பர்ல பிரிட்டிஷ் படை சிட்டி சென்டரயே கொளுத்திட்டாங்க, நாங்க இப்ப ஷாப்பிங் போற பேட்ரிக் ஸ்ட்ரீட்ல பல கட்டடம் அதுக்கு அப்புறம் கட்டினது. அதே வருஷம் இந்த ஊரு மேயர் டெரன்ஸ் மக்ஸ்வீனி லண்டன் பிரிக்ஸ்டன் ஜெயில்ல 74 நாள் உண்ணாவிரதம் இருந்து செத்தாரு. அதுக்கு முன்னாடி 1845ல ஆரம்பிச்ச உருளைக்கிழங்குப் பஞ்சத்துல சுமார் பத்து லட்சம் பேர் செத்து இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறிட்டாங்க, அந்த நேரத்துலயும் தானியம் இங்கிலாந்துக்கு ஏத்துமதி ஆயிட்டுதான் இருந்துச்சு. நம்ம ஊர் தாது வருஷப் பஞ்சத்தப் பத்தி கேள்விப்பட்டிருந்தா இது உங்களுக்குப் புதுசா இருக்காது. 1841ல இந்தத் தீவுல 80 லட்சத்துக்கு மேல ஜனம், இன்னைக்கு வரைக்கும் அந்த எண்ணிக்கையத் தொடல.

ஆனா இதுக்கு வெறுப்புன்னு பேர் வச்சீங்கன்னா தப்பு. தெருவோரத்துல இருக்கற பழைய தபால் பெட்டிய கிட்டப் போய் பாருங்க. பச்சைப் பெயின்டு, ஆனா விரல வச்சுத் தடவினா அடியில கிரீடமும் விக்டோரியா ராணியோட எழுத்தும் புடைச்சுட்டு நிக்கும். சுதந்திரம் வந்ததும் பெட்டிய உடைக்கல, செவப்புக்கு மேல பச்சைய அடிச்சு விட்டுட்டாங்க, நல்ல இரும்பு, ஏன் வீணாக்கணும். மீன் வாங்க நான் போற மார்க்கெட்டுக்கு பேரே இங்கிலிஷ் மார்க்கெட், 1788ல இருந்து இருக்கு. 2011ல எலிசபெத் ராணி வந்தப்ப அங்க ஒரு மீன் கடைக்காரர் ஏதோ சொல்ல ராணி வாய்விட்டு சிரிச்ச போட்டோ உலகம் பூரா போச்சு. தனி நாடானதுக்கு அப்புறம் பிரிட்டிஷ் அரசர் அரசி யாரும் இங்க வந்ததில்ல, அதான் முதல் தடவ. 2007ல குரோக் பார்க்ல இங்கிலாந்தோட ரக்பி மேட்ச், அந்த மைதானத்துலதான் 1920ல மேட்ச் பாக்க வந்த கூட்டத்து மேல பிரிட்டிஷ் படை சுட்டு 14 பேர் செத்தாங்க, அங்கயே ராணி வாழ்த்துப் பாட்டு போட்டப்ப மொத்த ஸ்டேடியமும் மரியாதையா நின்னுச்சு. அப்புறம் அயர்லாந்து டீம் 43க்கு 13னு வச்சு செஞ்சாங்க, அது வேற விஷயம்.

இப்ப நம்ம ஆளுங்க விஷயத்துக்கு வரேன். எங்க தெருவுல எழுபதத் தாண்டின தாத்தா ஒருத்தர், ரிட்டயர்டு வாத்தியார். ஊர்ல இருந்து புதுசா வேலைக்கு வந்த தம்பி ஒருத்தன் என் வீட்டுல தங்கியிருந்தான், வாசல்ல அவர்கிட்ட பேசும்போது ரொம்ப மரியாதையா "உங்க பிரிட்டிஷ் வெதர் எனக்கு இன்னும் பழகல சார்"னுட்டான். அவர் கோபப்படல, கலாய்க்கவும் இல்ல. அவனையே கொஞ்ச நேரம் பாத்துட்டு "உலகத்துல வேற யாரு வேணா சொல்லட்டும்பா, நீ இந்தியாவுல இருந்து வந்துட்டு சொல்லலாமா?"ன்னாரு. அந்தக் குரல்ல இருந்தது கோபத்த விட ஒரு மாதிரி வருத்தம். நாமளும் அவங்களும் ஒரே ஆள்கிட்ட அடி வாங்கினவங்க, அதனால நமக்குத் தெரிஞ்சிருக்கும்னு ஒரு எதிர்பார்ப்பு. வயசானவங்ககிட்ட இத நான் திரும்பத் திரும்ப பாக்குறேன்.

அன்னைக்கு அவர்தான் கன்னாட் ரேஞ்சர்ஸ் கதைய அவனுக்கு சொன்னாரு. பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்த ஐரிஷ் ரெஜிமென்ட், 1920ல ஜலந்தர்ல இருந்தாங்க, சொந்த ஊர்ல பிரிட்டிஷ் படை பண்ற அட்டூழியம் காதுக்கு வந்ததும் இனிமே வேலை பாக்க மாட்டோம்னு துப்பாக்கியக் கீழ வச்சுட்டாங்க. அதுக்காக அவங்கள்ல ஜேம்ஸ் டேலிங்கற பையன அந்த நவம்பர்ல சுட்டுக் கொன்னாங்க, அவர் உடம்ப 1970லதான் அயர்லாந்துக்கு கொண்டு வந்து பொதச்சாங்க. நானும் பதிலுக்கு பாரதியார் கதைய எடுத்து விட்டேன், அவர் குருவா நினைச்சு புத்தகம் சமர்ப்பணம் பண்ண சிஸ்டர் நிவேதிதா ஐரிஷ்காரங்க, வடக்குல டங்கனன்ங்கற ஊர்ல பொறந்தவங்கன்னு. நம்ம அரசியல் சட்டத்துல அரசுக் கொள்கை வழிகாட்டு நெறிகள் இருக்கே, அதுவே இவங்க 1937 சட்டத்தப் பாத்து எடுத்ததுதான். தாத்தாவுக்கு ஒரே குஷி.

ஆனா ஒண்ணு, இந்த "நீங்களும் நாங்களும்" பேச்ச நான் முழுசா வாங்கிக்க மாட்டேன். ஜாலியன்வாலா பாக் நடந்தப்ப பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னரா இருந்து ஜெனரல் டயருக்கு சப்போர்ட் பண்ண மைக்கேல் ஓ'டுவையர் ஐரிஷ்காரர்தான், டிப்பரரி கவுண்டி. டயரே பள்ளிக்கூடம் படிச்சது இதே கார்க் கவுண்டில, மிடில்டன்ல. ஈஸ்ட் இந்தியா கம்பெனி ராணுவத்துலயும் ஐரிஷ் சிப்பாய்ங்க நெறைய. இதப் பத்தி எடுத்தா பேச்சு சட்டுனு வெதருக்குப் போயிடும். நானும் விட்டுடுவேன், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட எதுக்கு.

சின்னப் பசங்களுக்கு இந்த அளவுக்கு சென்டிமென்ட் கிடையாது. கண்ண உருட்டிட்டு "ஐரிஷ்"னு ஒத்த வார்த்தையில திருத்திட்டு மேல பேசுவாங்க. அவங்களுக்கு கடுப்பு வர்றது ஆன்லைன் ஃபார்ம்லயும் கூரியர்லயும்தான், பார்சல் வரி போட்டு வந்தா ஏதோ ஒரு கம்பெனி அயர்லாந்த யூகேக்குள்ள சேத்துருக்கும்னு புலம்பல்.

வடக்கு கத முழுசா வேற. அங்க பிரிட்டிஷ்னு சொன்னா வருத்தப்படறவங்களும் உண்டு, ஐரிஷ்னு சொன்னா வருத்தப்படறவங்களும் உண்டு, ரெண்டுமே நான்தான்னு சொல்றவங்களும் உண்டு. 1998 குட் ஃப்ரைடே ஒப்பந்தத்துல அது அவங்க அவங்க இஷ்டம்னு எழுதியே குடுத்துட்டாங்க, ரெண்டு பாஸ்போர்ட்டும் வச்சுக்கலாம். அதனால பெல்ஃபாஸ்ட்காரர் யாரையாவது சந்திச்சா நீங்களா எதையும் சொல்லாதீங்க, எந்த ஊருன்னு கேளுங்க, மிச்சத்த அவங்களே சொல்லிடுவாங்க. பேரு, ஸ்கூலு வச்சு யாரு எந்தப் பக்கம்னு நைசா கண்டுபிடிக்கறதெல்லாம் அவங்களுக்குள்ள நடக்கற ஆட்டம், நாம அதுல மூக்க நுழைக்க வேணாம்.

இங்க வரப்போற நம்ம மக்களுக்கு இந்தக் குழப்பத்தால மனஸ்தாபம்கூட பெருசில்ல, விசாதான் பிரச்சனை. டப்ளின்ல பஸ் ஏறினா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல பெல்ஃபாஸ்ட், நடுவுல செக்போஸ்ட் எதுவும் கிடையாது, போர்டுல கிலோமீட்டர் போய் மைல் வர்றத வச்சுதான் நாடு மாறினதே தெரியும். அதப் பாத்துட்டு ஒரே இடம்தானேன்னு இந்தியன் பாஸ்போர்ட்டோட சும்மா போயிடாதீங்க, அயர்லாந்து வொர்க் பெர்மிட் இருந்தாலும் அங்க போக யூகே விசா தனியா வேணும். சில டூரிஸ்ட் விசால மட்டும் ரெண்டு நாட்டுக்கும் செல்லும்னு பிஐவிஎஸ்னு போட்டுக் குடுப்பாங்க, அது இருக்கான்னு பாத்துக்கோங்க. திரும்பி வரும்போது சில நேரம் ஐரிஷ் போலீஸ் பஸ்ஸ நிறுத்தி ஏறி பாஸ்போர்ட் கேப்பாங்க.