விசாரணையா, விசாரிப்பா?

கேள்வி: ஒரு சபை நடத்தும் ஆண் பிள்ளைகள் இல்லத்தில் 11 வருடமாக வார்டனாக இருக்கிறேன். தாய் தகப்பன் இல்லாமல் ஏழு வயதில் வந்த ஒருவனை என் கையாலேயே வளர்த்தேன். ஆண்டு விழாவில் பாடுவான், தன் கதையைச் சாட்சியாகச் சொல்வான். 18 முடிந்து போனவன் எட்டு மாதமாக போனே எடுக்கவில்லை. போன வாரம் திருப்பூரிலிருந்து கூப்பிட்டு 3,000 ரூபாய் கேட்டான். “எங்கே இருந்த, யாரோட இருக்க, சர்ச்சுக்குப் போறியா?” என்றேன். வைத்துவிட்டான். அவன் டிரங்குப் பெட்டி இன்னும் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. மற்ற பிள்ளைகளிடம் ஒட்டவே பயமாக இருக்கிறது. என் ஊழியம் வீணா?

– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சகோதரி, நானும் நாலு வருடம் இப்படி ஓர் இல்லத்தில் இருந்தவன்தான். புதிதாக வந்த ஒரு பையன் தினமும் ராத்திரி பாதி சப்பாத்தியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பான். காலையில் பாயெல்லாம் எறும்பு. திட்டிப் பார்த்தோம், ஜெபித்தும் பார்த்தோம். சமையல் அக்காதான் மூடி போட்ட ஒரு டப்பாவைக் கொடுத்து, “இதுல வச்சுக்கோ, யாரும் எடுக்க மாட்டாங்க” என்றார். சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே கோலிக்குண்டு. நாளைக்கும் சோறு உண்டு என்று அவன் நம்பிவிட்டான்! அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த ஆண்டறிக்கையிலும் எழுத முடியாது. உங்களுக்கும் இப்படி நூறு இருக்கும். எட்டு மாத மௌனத்தில் அதெல்லாம் அழிந்துவிடுமா என்ன?

பெங்களூரில் இருக்கும் என் மகனும் என் போனை எடுப்பதில்லை. “பிஸியா இருப்பான்” என்று விட்டுவிடுகிறோம். இல்லத்துப் பிள்ளை எடுக்காவிட்டால் மட்டும் நன்றி கெட்டவன்.

யாக்கோபு 1:27 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். திக்கற்ற பிள்ளைகளை ‘விசாரிக்கிறது’ என்றுதான் நம் வேதத்தில் இருக்கிறது. அது நலம் விசாரிப்பது. நீங்கள் போனில் நடத்தியது போலீஸ் விசாரணை. சாப்பிட்டாயா என்று கேட்கவே இல்லையே!

இன்னொன்று, கொஞ்சம் வலிக்கும். நன்கொடையாளர்கள் முன்னால் வருடா வருடம் மைக்கைப் பிடித்து “நான் அநாதையாக வந்தேன்” என்று சொல்லி வளர்ந்த பையனுக்கு, தன்னை யாருக்கும் தெரியாத ஊர் எவ்வளவு பெரிய ஆறுதல்! மற்ற பிள்ளைகளையாவது அந்த மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள். கமிட்டி முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

சரி, பணம். முடிந்ததை அனுப்புங்கள், கணக்குக் கேட்காதீர்கள். புது ஊரில் ரூம் அட்வான்ஸுக்கே அல்லாடிக்கொண்டிருப்பான். நம் பிள்ளைகளுக்கு அவசரத்துக்குக் கேட்க சித்தப்பா, மாமா என்று நாலு பேர் உண்டு. அவனுக்கு உங்கள் நம்பர் ஒன்றுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

அப்புறம், 18 ஆனதும் எல்லாம் முடிந்தது என்று சட்டமும் சொல்லவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி இல்லத்திலிருந்து வெளியேறுகிறவர்களுக்கு 21 வயது வரை உதவி செய்ய இடம் இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய்க்கு வழி உண்டு. தானாக வீடு தேடி வராது; உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேளுங்கள். அடுத்து 18-ஐத் தொடப்போகிற பையனுக்கு ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் கையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லத்து பீரோவில் பூட்டி வைத்து அவனுக்கு என்ன பிரயோஜனம்?

அந்த டிரங்குப் பெட்டியை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துத் துடைத்து உங்கள் அறையில் வையுங்கள். ஒரு போட்டோ பிடித்து அவனுக்கு அனுப்புங்கள். “கிறிஸ்துமஸுக்கு வந்தா எடுத்துக்கோ, வராட்டி இங்கேயே இருக்கட்டும்” என்று மட்டும் எழுதுங்கள். சர்ச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.