100 கிலோமீட்டர் ஓடுகிறவர்களின் மனசுக்குள் என்ன ஓடுகிறது?

கேள்வி: 100 கி.மீ., 160 கி.மீ. என்று ஓடுகிறார்களே, அவர்களுக்கெல்லாம் இரும்பு மனசா? அப்படி ஓடுவது ஒரு மனிதரை உண்மையிலேயே மாற்றுமா? புதிதாக வர நினைப்பவர் எங்கே தொடங்கலாம்?

இரும்பு மனசெல்லாம் கிடையாது. நான் பார்த்தவரை இந்த ஓட்டங்களைக் கடைசிவரை முடிக்கிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே பயப்படுகிற, புலம்புகிற, மழை தூறினால் முகம் சுளிக்கிற ஆட்கள்தான். அவர்களிடம் ஒரு குணம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்: களைத்துப்போன நேரத்தில் தன் மனசு சொல்வதை உடனே நம்பிவிட மாட்டார்கள். நான் எப்போதும் பின்வரிசையில் வருகிறவன், அதனால் முன்னால் பறக்கிறவர்களைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. பின்னால் மூச்சிரைக்க வருகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எல்லோரும் சொல்லும் கிளிஃப் யங் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1983-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கி.மீ. ஓட்டம், அதில் 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர் இளைஞர்களை எல்லாம் பின்னால் விட்டு ஐந்தே முக்கால் நாளுக்குள் வந்து ஜெயித்தார். உண்மைதான். ஆனால் "அவருக்கு ஒன்றுமே தெரியாது, மன வலிமையால் மட்டும் ஜெயித்தார்" என்று அதை முடிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். பண்ணையில் ஆடுகளின் பின்னால் ஓடியே வளர்ந்தவர் அவர், அந்த ஓட்டத்துக்கு முன்பே நெடுந்தூரம் ஓடிப் பழகியவரும்கூட. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து ஓடுகிற அவருடைய நடை பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் சக்தியை மிச்சம் பிடிக்கிற நடை. இத்தனை வருஷப் பழக்கத்தை மனசின் கணக்கில் எழுதிவிட்டால் கேட்பவருக்கு உற்சாகமாக இருக்கும், ஓடப் போகிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, மனசுக்கு வருவோம். மாரத்தான் 42.195 கி.மீ., அதற்கு மேல் எவ்வளவு ஓடினாலும் அல்ட்ராதான். தென் ஆப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையில் 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறக்குறைய 90 கி.மீ., அதற்கு 12 மணி நேரம் கொடுக்கிறார்கள். நேரம் முடிந்ததும் ஒருவர் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார், அத்தோடு முடிவுக்கோட்டை மறித்துவிடுவார்கள், ஒரு நொடி பிந்தி வந்தவருக்கும் பதக்கம் கிடையாது. கொடுமையாகத் தோன்றலாம், ஆனால் இந்த மாதிரி நேர வரம்பு ஒரு பெரிய உபகாரமும் செய்கிறது. 90-ஐ 12-ஆல் வகுத்தால் மணிக்கு ஏழரை கி.மீ., இந்த மேட்டில் நடந்தால் எவ்வளவு போகும், அடுத்த இறக்கத்தில் எவ்வளவு மீட்கலாம், தண்ணீர் மேஜையில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று பின்வரிசைக்காரர்களின் மண்டைக்குள் நாள் பூராவும் கூட்டல் கழித்தல்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போது வாழ்க்கைத் தத்துவமெல்லாம் தோன்றும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே கொஞ்சம் ஏமாந்துபோவார்கள்.

தத்துவம் தோன்றுகிற நேரமும் ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தான நேரம். பாதியைத் தாண்டி, முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், "இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு குரல் ஆரம்பிக்கும். முதலில் கெஞ்சும், அப்புறம் வக்கீல் மாதிரி வாதாடும். வீட்டில் காத்திருப்பார்கள், முட்டி கெட்டுப்போனால் நாளைக்கு யார் பார்ப்பது, பதக்கத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய். ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கேள்விகளைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் வயிறு. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சில மணி நேர ஓட்டத்திலேயே காலியாகத் தொடங்கும். உடம்பில் கொழுப்பு நிறைய இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும். ஓடும்போது ரத்தம் கால்களுக்குப் போய்விடுவதால் குடல் சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும். சாப்பிடப் பிடிக்காது, சாப்பிடாததால் சோர்வு, அந்தச் சோர்வு உலகமே இருண்டுவிட்ட மாதிரி காட்டும்.

ஒரு 100 கி.மீ. ஓட்டத்தில், இரவில், 70-ஐத் தாண்டிய ஒரு எய்ட் ஸ்டேஷனில் (வழியில் சாப்பாடு, தண்ணீர், முதலுதவி கிடைக்கும் இடம்) எனக்கு நடந்தது இது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் மணலோடு ஒட்டிய பெரிய கொப்புளம். விலகிக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு ஒரு முழுப் பேச்சையே தயார் செய்து வைத்திருந்தேன். அங்கே இருந்த தன்னார்வலர் அம்மா ஒருவர் அதைப் பாதியிலேயே நிறுத்தி, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ப்பா, கடைசியா எப்ப சாப்பிட்ட?" என்றார். யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை. உப்பு தூக்கலான சூப்பைப் பேப்பர் கப்பில் கொடுத்தார், முதல் வாய் தொண்டையிலேயே நின்றது, ஊதி ஊதி உறிஞ்சினேன். அதற்குள் அவர் ஊசியைச் சுத்தம் செய்து கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, துணியால் ஒற்றி, சுருக்கம் விழாமல் இழுத்து டேப் ஒட்டிவிட்டார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். முட்டி அதே முட்டி, மிச்சத் தூரம் அதே தூரம், என் பேச்சு மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

பழையவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: விலகுகிற முடிவை ஓடிக்கொண்டிருக்கும்போதோ, பசியோடோ எடுப்பதில்லை. முதலில் சாப்பிட வேண்டும், கொஞ்ச நேரம் நடந்து பார்க்க வேண்டும், அப்புறமும் விலகத் தோன்றினால் விலகலாம். நான் கற்றுக்கொண்டதிலேயே உருப்படியான பாடம் இதுதான்.

களைப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஆய்வுலகிலும் சுவாரஸ்யமான பதில் உண்டு. 2009-இல் உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேல் மார்கோராவும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். சிலரை ஒன்றரை மணி நேரம் கணினியில் கவனம் பிசகாத வேலை செய்யவைத்து மூளையைக் களைக்கச் செய்தபின் சைக்கிள் மிதிக்கவிட்டார்கள், இன்னொரு நாள் அதே ஆட்களை ஆவணப்படம் பார்க்கவைத்து மிதிக்கவிட்டார்கள். மூளை களைத்திருந்த நாளில் சுமார் 15 சதவீதம் முன்னதாகவே கைவிட்டுவிட்டார்கள். இதயமும் தசையும் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்தன, "கஷ்டமாக இருக்கிறது" என்ற உணர்வு மட்டும்தான் கூடியிருந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு அன்று இரவே நெடுந்தூர ஓட்டத்துக்குக் கிளம்புகிற நண்பர்களுக்கு இதைச் சொல்வேன், கேட்பதில்லை.

மனசைச் சோதிப்பதென்றால் என் கணக்கில் பேக்யார்டு அல்ட்ராதான் முதலிடம். 6.706 கி.மீ. சுற்று, அதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அடுத்த மணி அடித்ததும் மறுபடி அதே சுற்று, ஒரே ஒருவர் மிஞ்சும்வரை. 24 சுற்று ஓடினால் 100 மைல், ஆனால் அங்கே யாரும் கைதட்டி நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். 2023-இல் அமெரிக்க ஓட்டக்காரர் ஹார்வி லூயிஸ் 108 சுற்று ஓடினார், அதாவது நாலரை நாள். ஒரு சுற்று யாருக்கும் கஷ்டமில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதுதான் கஷ்டம். அதிலும் கடைசியாக மிஞ்சிய ஒருவரைத் தவிர மற்ற எல்லோருடைய பெயருக்கு எதிரிலும் முடிக்கவில்லை என்றுதான் எழுதுவார்கள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே வருகிற அந்தக் கூட்டத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி எதிர்ப்பக்கம். "எந்த நிலையிலும் விடாதே" என்பது சட்டையில் அச்சடிக்க நன்றாக இருக்கும், மலைமேல் அது ஆளைக் கொல்லும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம் ஒன்றில் திடீரென்று குளிர்காற்றும் மழையும் சுழற்றியடித்ததில் 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். நிலைமையைப் பார்த்துவிட்டுப் பாதியில் திரும்பி இறங்கியவர்கள் உயிரோடு வீடு சேர்ந்தார்கள். இதில் யாருக்கு மன உறுதி அதிகம் என்று கேட்டால் திரும்பியவர்களைத்தான் காட்டுவேன். சிறுநீர் கறுத்துப்போனாலும், எலும்பில் ஓரிடத்தில் மட்டும் குத்துகிற வலி கூடிக்கொண்டே போனாலும், பேச்சு குழறினாலும் நின்றுவிட வேண்டும், அங்கே வாதமே கிடையாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆள் குழம்பிப்போவார், அதனால் தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடும்போது வலி மாத்திரை போடாதீர்கள், நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

மாற்றம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும், ஆனால் நிதானமாக. ஜாஸ்மின் பாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டென்னஸி காட்டுக்குள் நடக்கும் பார்க்லி மாரத்தானை (பெயரில்தான் மாரத்தான், உண்மையில் ஐந்து சுற்று அல்ட்ரா) 2024-இல் முடித்தார், அதை முடித்த முதல் பெண் அவர்தான். 60 மணி நேர வரம்பில் 99 நொடிதான் மிச்சம். எல்லோரும் அந்த 99 நொடியைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் 2022-இலும் 2023-இலும் அதே காட்டுக்குப் போய் முடிக்காமல் திரும்பியவர், முதல் வருஷம் ஐந்தில் மூன்று சுற்று, அடுத்த வருஷம் நான்காவதைத் தொட்டார். எனக்கு அந்த நடு வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது, இன்னும் ஒரு சுற்று கூடுதலாக ஓடுவதற்காக ஒரு வருஷம் முழுக்க உழைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற மனசு.

என் அளவில் மாறியது சின்ன விஷயங்கள். கோபம் வந்தால் முதலில் பசியா தூக்கமா என்று பார்க்கிறேன், காரமான மெயிலைக் காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறேன். மற்றவர் என் அழுக்குக் காலைத் தொட்டுக் கட்டுப்போடுவதற்குக் கூச்சப்படாமல் இருக்கப் பழகியிருக்கிறேன், இது நான் நினைத்ததைவிடப் பெரிய மாற்றம். நல்ல மனிதனாகிவிட்டேனா என்றால், அதை வீட்டில் இருக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். விடுமுறை நாளில் பாதியை ரோட்டில் கழித்துவிட்டு மிச்சத்தைத் தூங்கிக் கழிக்கிறவனைப் பற்றி அவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். பிரச்சினையிலிருந்து தப்பிக்கவே ஓடுகிறவர்களும் இங்கே உண்டு, கிலோமீட்டர் கூடக் கூட பிரச்சினை அப்படியே வீட்டில் காத்திருக்கும். பெரிய ஓட்டம் முடிந்த பிறகு சில வாரங்கள் எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் சகஜம், பலர் அதை வெளியே சொல்வதில்லை.

தொடங்க நினைத்தால் உடனே பதிவு செய்யாதீர்கள். ஏதாவது ஒரு அல்ட்ராவில் பின்பாதியில் இருக்கும் எய்ட் ஸ்டேஷனுக்கு ஒரு இரவு தன்னார்வலராகப் போங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், வந்து உட்காருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள், சாப்பிட்டபின் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். பயிற்சியில் வேகத்தைவிட, ஓடிக்கொண்டே சாப்பிடுவதையும் மேட்டில் வெட்கப்படாமல் நடப்பதையும் பழகுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் 50 கி.மீ.யில் தொடங்கலாம், 100 அப்புறம்.