எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் மட்டமா?

ஐயா, வேலூர் லாங் பஜாரில் 304 ரகம் என்று சொல்லிக் கொடுத்த எவர்சில்வர் அண்டா ஒன்று வாங்கினேன். வீட்டில் காந்தம் வைத்துப் பார்த்தேன். அடியின் நடுவில் ஒட்டவில்லை. மடித்த விளிம்பிலும் அடி வளைவிலும் லேசாக இழுக்கிறது. இரும்பைக் கலந்து ஏமாற்றிவிட்டார்களா?
— ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள வாசகருக்கு,

இரும்பைத் தனியாகக் கலக்க வேண்டியதே இல்லை. அசல் 304-லேயே நூற்றுக்கு எழுபது பங்கு இரும்புதான். மீதியில் சுமார் 18 குரோமியம், 8 நிக்கல். அப்படியும் காந்தம் ஒட்டாததற்குக் காரணம் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம். சாதாரண இரும்பில் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். கூட்டம் கூட்டமாக ஒரே திசை பார்த்து நிற்கும். இந்தக் கூட்டத்துக்கு டொமைன் என்று பெயர். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் டொமைன்கள் அதன் பக்கம் திரும்பிக்கொள்ளும், இரும்பு ஒட்டும். நிக்கல் போதுமான அளவு சேர்ந்தால் அடுக்கு மாறிவிடும், அணுக்கள் அப்படிக் கூட்டாக நிற்காது.

தகட்டை அச்சில் வைத்து இழுக்கும்போதும் விளிம்பை மடிக்கும்போதும் அந்த இடத்தில் மட்டும் அடுக்கில் ஒரு பகுதி சாதாரண இரும்பு மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் காந்தத்தை லேசாக இழுத்தது அதுதான். சுமார் 1050 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால் இழுப்பு போய்விடும். அண்டாவுக்கு யார் அதைச் செய்வார்கள்!

ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தை (வலுவான வகைக் காந்தம்) ஒரு முழ நூலில் கட்டித் தொங்கவிட்டு, பாத்திரத்தை மெதுவாகக் கிட்டே கொண்டுபோங்கள். எல்லா இடத்திலும் பாய்ந்து 'டக்'கென்று ஒட்டினால் அது 430 என்ற ரகம். நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது. விளிம்பில் மட்டும் நூல் சாய்ந்தால் 304 ஆக இருக்கலாம், 202 என்ற ரகமாகவும் இருக்கலாம். சிக்கலே இதில்தான். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், அதிலும் காந்தம் ஒட்டாது. கடைக்காரர்கள் காந்தத்தை வைத்துக் காட்டி '304 சார்' என்று சொல்வது பாதிப் பரீட்சைதான்.

430 என்றாலே மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். பருப்பு டப்பாவுக்குத் தாராளமாகப் போதும். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கிற 304 பாத்திரத்தின் அடியில் பெரும்பாலும் 430 தகட்டைத்தான் பதிக்கிறார்கள். இல்லாவிட்டால் அடுப்பு ஏற்காது. ஆனால் பாலாற்றுப் பக்கத்து உப்பு போர் தண்ணீரை ராத்திரி முழுக்க நிறுத்திவைக்கிற அண்டாவுக்கு 430-உம் 202-உம் வேண்டாம். உப்பிலுள்ள குளோரைடு புள்ளிப் புள்ளியாக அரித்து, அதில் துரு ஏறும்.

202-ஐப் பிரித்தறிய 9 வோல்ட் பேட்டரியோடு விற்கும் சோதனைத் திரவம் இருக்கிறது. அடியின் வெளிப்புறம் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியை இணைத்துப் பாருங்கள்; மாங்கனீசு அதிகமிருந்தால் சிவக்கும். பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். பெரிய பழைய உலோகக் கடைகளில் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருந்தால் நிக்கல் எத்தனை சதவீதம் என்றே காட்டிவிடும். அதுவரை விளிம்பைக் காட்டிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.