கப்ரோன் கையெழுத்துள்ள ஜாடி: அசலா, என்ன செய்யலாம்?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். பழம்பொருள் சந்தையில் கைப்பிடி வைத்த வெள்ளை ஜாடி ஒன்று வாங்கினேன். மேலிருந்து கீழாகக் கறுப்பு, மஞ்சள், சிவப்புக் கோடுகள். அடியில் கையால் 'கப்ரோன் வலோரிஸ்' என்றும், ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் எழுதியிருக்கின்றன. விளிம்பில் சின்ன விள்ளல். இது அசலா? விள்ளலைச் சரிசெய்யலாமா? தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கலாமா?

பதில்: வலோரிஸ் என்பது ஊர், கப்ரோன் என்பது ஆள், மண்பாண்டக் கலைஞர். முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். தெற்கு பிரான்ஸில் கான் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வலோரிஸ், தலைமுறை தலைமுறையாகச் சமையல் சட்டி செய்த ஊர். அலுமினியப் பாத்திரம் வந்ததும் சட்டி வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் மண்ணும் சூளையும் சக்கரம் சுற்றத் தெரிந்த கைகளும் அங்கேயே இருந்தன. பாரிஸில் பயன்பாட்டுக் கலை படித்த ரொஜே கப்ரோன் 1946இல் அங்கே போய், நண்பர் ரொபேர் பிக்கோவுடன் சேர்ந்து பட்டறை தொடங்கினார். 1947இல் ரமியே தம்பதியின் மதூரா பட்டறையில் ஓவியர் பிக்காசோ வேலை செய்யத் தொடங்கியதும் ஊருக்குக் கூட்டம் குவிந்தது. கடைக்குக் கடை சுற்றுலாப் பயணிகளுக்கான பொருள்கள். மீன் வடிவ விளக்கு, சிப்பி வடிவத் தட்டு எல்லாவற்றின் அடியிலும் 'வலோரிஸ்' என்ற முத்திரை விழுந்தது. ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து யாராவது கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஜாடியில் ஆள் பெயரும் இருக்கிறது, நல்ல அறிகுறி. 1952இல் கப்ரோன் ஒரு பழைய மண்பாண்டப் பட்டறையை வாங்கினார். அது வளர்ந்து நூறு பேருக்கு மேல் வேலை செய்த நிறுவனமாகி, 1982இல் மூடப்பட்டது. அதன்பின் மனைவி ஜாக்கோத்துடன் சேர்ந்து ஒற்றைப் படைப்புகளே செய்தார், 2006இல் காலமானார். நீங்கள் சொல்லும் கோடுகளும் எண்ணும் பட்டறைக் காலத்தைக் காட்டுகின்றன. எழுத்தும் எண்களும் வடிவத்தின் மாதிரி எண். வடிவமும் அலங்காரமும் கப்ரோனுடையவை, தூரிகை பிடித்தது பெரும்பாலும் பட்டறை ஓவியர்கள். இது குறை இல்லை. வீட்டில் புழங்கும் பொருளாகத்தான் அவர் இவற்றை நினைத்தார். என்னைக் கேட்டால், பிற்காலத்துப் பெரிய படைப்புகளைவிட 1950களின் இந்தக் கோட்டு ஜாடிகளில்தான் அவர் கை துணிச்சலாகத் தெரிகிறது.

அசலா என்று பார்க்கும்போது கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள். போலி செய்ய மிக எளிது அதுதான். விள்ளலிலிருந்து தொடங்குங்கள். அங்கே பளபளப்புப் பூச்சு உடைந்து உள்மண் தெரியும். நுண்துளைகளுடன் சொரசொரப்பாக இருக்க வேண்டும், ஈர விரலை வைத்தால் ஈரத்தை இழுக்க வேண்டும். பீங்கான் தேநீர்க் கோப்பை போலக் கெட்டியாகக் கண்ணாடித்தன்மையோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து ஒரு கோட்டை மட்டும் பூதக்கண்ணாடி வைத்து மேலிருந்து கீழ்வரை பாருங்கள். தூரிகை பட்ட இடத்தில் நிறம் தடித்தும் போகப்போக மெலிந்தும் இருக்கும், ஓரம் லேசாக நடுங்கும். எல்லாக் கோடும் ஒரே அகலம், ஒரே அழுத்தம் என்றால் அது கைவேலை இல்லை. அடிப்பாகத்தில் மேசையைத் தொடும் இடம் மட்டும் தேய்ந்து அழுக்கேறியிருக்க வேண்டும். அடி முழுக்கச் சீரான பழுப்பு என்றால் யாரோ சாயம் ஏற்றியிருக்கலாம். பூச்சில் மயிரிழை வெடிப்புகள் வலைபோல ஓடுவது இவ்வகை மண்ணில் சகஜம்.

அப்புறம், மண்பானை வாங்கும்போது செய்வதுபோல உள்ளங்கையில் வைத்து விரல் முட்டியால் தட்டுங்கள். மந்தமான சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால், பின்னாளில் பெயின்ட் பூசி மறைத்த இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

விள்ளலை அப்படியே விடுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் நிச்சயமாக விடுங்கள். சரிசெய்பவர்கள் ஒரு சின்ன இடத்தை மறைக்கச் சுற்றியுள்ள நல்ல பூச்சின் மேலும் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள், பிறகு வாங்குபவர் முழு ஜாடியையும் சந்தேகிப்பார். நேர்மையான விள்ளல் விலையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஃபெவிக்விக் மாதிரி பசைகள் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் ஊற்றக்கூடாது. வெடிப்புகள் வழியாக நீர் மண்ணுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும், அடியில் கசிந்து மேசையையும் கெடுக்கும். பூ வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் பொருளும் ஊற்றாதீர்கள். அக்காலப் பூச்சுகளில் ஈயம் சேர்ப்பது வழக்கம். எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பு அதைக் கரைத்து இழுக்கும்.

அதே சந்தையில், இலைகளை அழுத்தி அச்செடுத்த சுடுமண் ஓடுகளை மேற்பரப்பில் ஒட்டிய தாழ்வான மேசை தென்பட்டால் நின்று பாருங்கள், அதுவும் கப்ரோன் பட்டறையாக இருக்கலாம். ஏதோ ஒரு ஓட்டின் முகத்தில் அவர் பெயர் இருக்கும். ஓடு ஏதும் மாற்றப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.

விலைக்கு, இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் தொகையை நம்பாதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையைத் தேடுங்கள்: அதே மாதிரி எண், அதே அலங்காரம், அதே உயரம். பாரிஸ் த்ருவோ ஏலக்கூடத்தில் விற்கும் ஏல நிறுவனங்கள் பல, படம் அனுப்பினாலே இலவசமாக மதிப்புச் சொல்கின்றன. பக்கத்தில் அளவுகோல் வைத்து முழு ஜாடியை ஒரு படம், அடிப்பாகத்தை ஒரு படம், விள்ளலை மிக அருகில் ஒரு படம் எடுத்து, குறைந்தது இரண்டு இடங்களுக்காவது அனுப்புங்கள்.