கலஹாரி விடுதியில் ஜூலைக் குளிர்

போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டிய விடுதியில் ஜூலையில் வயதான தாயாருடன் தங்கவிருப்பதாகவும், பாலைவனம்தானே, பருத்தி உடை போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

போதாது. அம்மாதத்தில் பகல் இதமாக இருந்தாலும் பின்னிரவில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இறங்குவதுண்டு. விலங்குகளைப் பார்க்க விடியலில் கிளம்பும் வண்டியோ பக்கங்கள் திறந்தது என்பதால், ஓடத் தொடங்கியதும் காற்று முகத்தில் அறையும், கண்ணில் நீர் வழியும், கேமராவைப் பிடித்த விரல்கள் மரத்துப்போகும். ஆகவே தாயாருக்குக் கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுப்புகா மேலங்கி மூன்றும் கட்டாயம். வண்டியில் மடியில் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பை தருவார்களா என்று விடுதியில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: காப்பகத்துக்குள் இருக்கும் டிசெப்ஷன் பள்ளத்தாக்கின் புல்வெளியில் ஜெம்ஸ்பாக் மான்கள் திரள்வதும், அவற்றைத் தொடர்ந்து கரும்பிடரிச் சிங்கங்கள் வருவதும் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே என்பதால், முன்பதிவை மாற்ற இயலுமானால் ஏப்ரலைப் பரிசீலிக்கலாம், குளிரும் அப்போது அவ்வளவு கடுமையாக இராது.