ஒற்றை ஆள் எல்எல்சி: வரிக்கு எந்த வழி?

கேள்வி: அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வெப்சைட் டிசைன் செய்து கொடுக்கிறேன். பணம் வாங்க வசதியாக இருக்குமே என்று போன வருஷம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் என் ஒருத்தன் பேரில் ஒரு எல்எல்சி (முதலாளியின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனி) பதிந்தேன். அங்கே குடியிருக்கும் சித்தப்பா மகன், ‘எஸ் கார்ப்பாக மாற்று, வரி மிச்சமாகும், நானும் அப்படித்தான் செய்தேன்’ என்கிறான். மாற்றலாமா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: முடியாது தம்பி. எஸ் கார்ப் என்பது கம்பெனி லாபத்தைப் பங்குதாரர் தன் கணக்கில் காட்டி வரி கட்டும் ஒரு அமெரிக்க வரி முறை. அதில் பங்கு வைத்திருக்க அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிக் கணக்கில் அந்த நாட்டுவாசியாகவோ இருக்க வேண்டும். சித்தப்பா மகன் சொன்னது அவருக்குச் சரிதான். அங்கே சொந்தத் தொழில் செய்பவர்கள் கட்டும் 15.3 சதவீத வரியில் ஒரு பகுதி அவருக்கு மிச்சமாகும், ஆனால் வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு அந்த வரியே கிடையாது, அப்புறம் எதை மிச்சம் பிடிப்பது?

உங்களுக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்எல்சி தனி ஆளாகக் கருதப்படாது, அதன் வருமானம் நேரே உங்கள் வருமானம். வேலை முழுக்க இங்கே உங்கள் மேசையில் நடக்கிறது, அங்கே ஆபீஸோ ஆளோ இல்லை என்றால் பொதுவாக அங்கே வருமான வரி வராது, ஏனென்றால் சேவைக்கான பணம் வேலை நடந்த இடத்தைச் சேர்ந்தது என்பது அவர்கள் சட்டம். இரண்டாவது, எந்த வரி முறை வேண்டும் என்று அமெரிக்க வரித்துறைக்குச் சொல்லும் 8832 படிவம் போட்டு கார்ப்பரேஷனாக மாறுவது. நூறு டாலர் லாபத்தில் 21 வரியாகப் போகும், மீதி 79-ஐ டிவிடெண்டாக எடுத்தால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அதில் 25 சதவீதம் பிடிப்பார்கள், கைக்கு வருவது 59.25. கம்பெனி கட்டிய அந்த 21-ஐ இங்கே உங்கள் வரியில் கழிக்கவும் முடியாது. நடுவில் ஒருமுறை மாறிவிட்டால் மறுபடி மாற 60 மாதம் காத்திருக்க வேண்டும். அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆனால் அங்கே வரி இல்லை என்பதால் கணக்கும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குப் பயமே இதில்தான். உங்களுக்கும் எல்எல்சிக்கும் நடுவே நடந்த பணப் பரிவர்த்தனைகளைக் காட்டும் 5472 படிவத்தை, 1120 என்ற கார்ப்பரேஷன் வரிப் படிவத்துடன் சேர்த்து வருஷா வருஷம் அமெரிக்க வரித்துறைக்கு அனுப்ப வேண்டும், தவறினால் அபராதம் 25,000 டாலர். வண்ணார்பேட்டையில் எனக்குத் தெரிந்த பையன், வருமானமே வரவில்லையே என்று சும்மா இருந்துவிட்டான். ஆரம்பிக்கும்போது இங்கிருந்து போட்ட முதலே காட்ட வேண்டிய பரிவர்த்தனைதான் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

1120-இல் பேர், விலாசம், இன்னும் ஒன்றிரண்டு கட்டம்தான் நிரப்ப வேண்டும், ஆனால் அதன் தலையில் ‘ஃபாரின் ஓன்டு யூ.எஸ். டிஇ’ (வெளிநாட்டுக்காரருக்குச் சொந்தமான, வரிக்குத் தனி ஆளாகக் கருதப்படாத அமெரிக்க நிறுவனம்) என்று ஆங்கிலத்தில் எழுத மறக்காதீர்கள். ஃபேக்ஸிலும் அனுப்பலாம், கெடு ஏப்ரல் 15. இந்தியாவில் இந்த வருமானத்துக்கு வழக்கம்போல வரி உண்டு, ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் எல்எல்சியையும் அதன் பேங்க் அக்கவுண்டையும் காட்டுங்கள்.

போன வருஷத்துக்கான படிவம் போயிற்றா என்று இன்றைக்கே பாருங்கள். போயிருந்தால் அந்த ஃபேக்ஸ் ரசீதைப் பத்திரமாக ஃபைலில் வையுங்கள்.